தனக்கே போதாத வீட்டிலிருந்து எதைக் கொடுப்பது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது. மீதியில் அறை வாடகை, சாப்பாடு. இந்த நிலையில் ஊரிலிருந்து யாராவது உதவி கேட்டு அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். டித்வா புயலுக்குப் பிறகு இன்னும் அதிகம். வாங்கியவர்களில் சிலர் அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. எங்கள் லயத்து அக்கா ஒருவர் நட்டஈட்டுப் படிவம் விஷயமாக மூன்று நாளாக எடுக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. நமக்கே இல்லாதபோது அடுத்தவருக்கு உதவுவதில் என்ன பெறுமதி? அது இருப்பவர்கள் பார்க்க வேண்டிய வேலை இல்லையா?"

தம்பி, நான் தோட்டப் பாடசாலையில் 31 வருடம் படிப்பித்தவன். அதில் பெரும்பகுதிக் காலம் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகமும் என் கையில்தான் இருந்தது. யார் கொடுத்தார், யாரால் கொடுக்க முடியவில்லை, கொடுக்க முடியாதவர் என்ன செய்தார் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

"இருப்பவர்கள் பார்க்க வேண்டிய வேலை" என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குவோம். நம்முடைய மலையில் இருப்பவர் என்று யார் இருந்தார்? துரை பங்களாவில் இருந்தது, கங்காணியிடமும் கொஞ்சம் இருந்தது. லயத்தில், தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், யாரிடமும் மிச்சம் இருந்ததில்லை. ஆனால் அந்த லயத்திலேதான் 200 வருடமாக மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. கூட வந்தவனின் பிள்ளையை இன்னொருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்திருக்காவிட்டால், நீங்களும் நானும் இன்றைக்கு இல்லை. 2023-இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்தச் செய்திகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெயர் தெரியாத பெண்தான்.

லயம் கட்டப்பட்ட விதத்தையும் யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாக, மேலே ஒரே கூரை. நாலாம் காம்பராவில் ஒருவர் இருமினால் ஆறாம் காம்பராவுக்குக் கேட்கும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுக்க எரியும். வருடா வருடம் எங்காவது ஒரு தோட்டத்தில் இது நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த வீட்டு நெருப்புக்குத் தண்ணீர் வாளியைக் கைமாற்றுகிறவன் தன் வீட்டையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறான். அதை யாரும் தருமம் என்று சொன்னதில்லை.

மலைக்குப் போனாலும் இதேதான். உங்கள் அம்மா கொழுந்து எடுத்தவராக இருந்தால் இதை வீட்டில் கேட்டுப் பாருங்கள். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ என்று வைத்திருப்பார்கள். அது குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கும் காய்ச்சலில் எழுந்து வந்தவருக்கும் அந்த நிறை வராது. நிறுவைக்குப் போகிற வழியில், கங்காணி பார்க்காத நேரம், முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அந்தக் கூடையில் போடுவார்கள். ஒருவரும் பேச மாட்டார்கள். போட்டவருக்கு ஒரு கிலோவோ அரைக் கிலோவோ குறையும். வாங்கியவருக்கு அரை நாள் சம்பளம் மிஞ்சும். நான் சின்னப் பையனாக என் அம்மாவின் கூடையில் அப்படி விழுந்த கொழுந்தைப் பார்த்திருக்கிறேன். பிறகொரு காலத்தில் என் அம்மாவின் கை வேறொரு கூடைக்குள் போனதையும் பார்த்திருக்கிறேன். நாள் சம்பளம் 1000 ரூபா என்பதற்கே வருடக்கணக்காகக் கேட்டு, 2021-இல்தான் அது வந்தது. அப்படியான சம்பளத்தில் அரைக் கிலோ கொழுந்து எவ்வளவு பெரிய கொடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வியில் என்னை உண்மையாகவே வருத்திய வரிக்கு வருகிறேன். வாங்கியவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றீர்கள். நன்றி கெட்டவர்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. எனக்கு வேறொன்று படுகிறது.

1974 பஞ்சத்தில் எனக்கு ஏழு, எட்டு வயது. அரிசியும் மாவும் அறவே தட்டுப்பட்டு, தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்துப்போன காலம் அது. டவுனில் கடைகளின் முன்னால் தோட்டத்து ஆட்கள் கையேந்தி உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எங்கள் லயத்துக் கோடிக் காம்பராவில் கணவனை இழந்த ஒரு அம்மா நான்கு பிள்ளைகளோடு இருந்தார். எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்தால் அம்மா கொஞ்சத்தைக் கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டால் மூடி என்னிடம் கொடுத்து அனுப்புவார். மூடியதற்குக் காரணம், உள்ளே எவ்வளவு குறைவு என்பது வழியில் யாருக்கும் தெரியக் கூடாது. மறுநாள் அந்தக் கிண்ணம் திரும்பி வரும். ஒரு நாளும் வெறுமையாக வந்ததில்லை. ஒரு பிடி வல்லாரை, இல்லாவிட்டால் சவுசவுக் கொடியின் கொழுந்து, ஒன்றுமே கிடைக்காத நாளில் இரண்டு கல் உப்பு. ஒரு தடவை நான், "அவங்களுக்கே இல்லை, ஏம்மா வாங்குறீங்க?" என்று கேட்டேன். அம்மா, "வாங்காட்டி அந்த அம்மா நாளைக்கு நம்ம கிட்ட வாங்க மாட்டாங்க" என்றார்.

இந்த ஒரு பதிலைத்தான் நான் பிற்பாடு சங்கத்துக் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. கேதம் விழுந்தால், அதாவது ஒரு சாவு நடந்தால், அன்றைக்கே ஒரு தொகை அந்த வீட்டுக்குப் போகும். தகரக் கொட்டகை, கதிரை, பெற்றோமக்ஸ் விளக்கு, பெரிய தேத்தண்ணி அண்டா எல்லாம் சங்கத்துச் சொத்து. இளந்தாரிகள் குழி வெட்டப் போவார்கள், பெண்கள் அடுப்பைப் பார்ப்பார்கள், ஒருவர் வெளித் தோட்டங்களுக்குச் சொல்லப் போவார். சாவு வீட்டுக்காரர் எதற்கும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, அது அவருடைய முறை. அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தில் ஒரு ஆத்தா இருந்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்தவர், பிள்ளைகள் இல்லை. சந்தா கட்ட முடியவில்லை. கமிட்டியில் எல்லோரும் நல்ல மனதோடு, "ஆத்தாவுக்குச் சந்தா வேண்டாம், சும்மா இருக்கட்டும்" என்று முடிவெடுத்தோம். நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு கோயிலில் கண்டால்கூட விலகிப் போனார். எனக்கு விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கேத வீட்டில் அவராகவே வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு சாக்கு வெங்காயத்தையும் உரித்து முடித்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், இத என் பேருக்கு நேரா எழுதிக்கங்க" என்றார். எழுதினேன். சந்தா நிரலில், ரூபா எழுத வேண்டிய இடத்தில், "வெங்காயம்" என்று எழுதியிருக்கிறேன். அன்றையிலிருந்து அவர் சாகும் வரை ஒரு கேதத்தையும் தவறவிடவில்லை. விலகிப் போவதும் நின்றுவிட்டது.

உங்களிடம் வாங்கிவிட்டு ஒதுங்கிப் போகிறவர்களில் பலருக்கு இருப்பது அந்த ஆத்தாவின் சங்கடம்தான் என்று நினைக்கிறேன். திருப்பித் தர வழியில்லாமல் வாங்கிய கை, தந்தவனின் முகத்தைப் பார்க்கக் கூசும். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றுகிறவரும் உண்டு, நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் அடுத்த தடவை ஒருவருக்குக் கைமாத்தாகக் கொடுத்தால், அவரிடம் நீங்களும் ஏதாவது கேளுங்கள். தீபாவளிக்கு வரும்போது ஒரு போத்தல் ஊறுகாய் போட்டுத் தரச் சொல்லலாம், அம்மாவை மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லலாம். கூலி வாங்குவதாக நினைத்துக் கூச வேண்டாம். கிண்ணம் திரும்பி வர ஒரு வழி விடுகிறீர்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பெண்களின் இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நுண்கடன்காரர்கள் உள்ளே வந்தார்கள். லயத்துப் பெண்கள் ஐந்து பேரை ஒரு குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று வைத்துக் கடன் கொடுத்தார்கள். பார்த்தால் சீட்டு மாதிரியே இருக்கும். ஆனால் கிழமைக்குக் கிழமை வசூலுக்கு ஆள் வந்து நின்று, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரையும் வீட்டுக்குப் போக விடாமல் உட்கார வைத்தபோது, கூடையில் கொழுந்து போட்ட அதே கைகள் ஒன்றையொன்று பிடித்து உலுக்க வேண்டி வந்தது. என்னிடம் படித்த பிள்ளையின் தாய் ஒருவர், பக்கத்துக் காம்பராக்காரி வருகிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். பல வருடம் ஒன்றாக மலைக்குப் போன இரண்டு பேர் அவர்கள். பணத்தை விடப் பெரிய நட்டம் அங்கே நடந்தது. சீட்டில் தவணை தவறினால் ஏன் தவறியது என்று கேட்பார்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள், சீட்டு எடுக்கும் முறையை மாற்றிக் கொடுப்பார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிற இடமும் வட்டி மட்டும் இருக்கிற இடமும் ஒன்றாகாது.

புயலைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து போனவர்கள்தான் அதில் மிக அதிகம். அந்த நாட்களில் வந்த உதவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பன்சலையில் (பௌத்த விகாரையில்) சமைத்த சோறு தோட்டத்துக்கு வந்தது, பள்ளிவாசலில் கட்டிய பார்சல் வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து லொறி வந்தது. முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாட்டுக்கு ஈடு எதுவும் இல்லை, ஏனென்றால் அடுப்பே மண்ணுக்குள் போயிருந்தது.

ஆனால் மூன்றாம் நாளிலிருந்து தேவை மாறிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மூட்டை மூட்டையாகப் பழைய சேலைகள் வந்து பாடசாலை வகுப்பறையில் குவியும். அதைப் பிரிக்கவே நான்கு ஆள் வேண்டும். உள்ளாடையும் சுகாதாரத் துவாயும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பெண் பிள்ளைகள் ஒரு ஓரமாக நிற்பார்கள். கம்பளி போதாது, நம் மலைக் குளிருக்குப் பருத்திப் போர்வை காணாது. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்து எடுத்தவர்களின் கிளினிக் புத்தகம் மண்ணோடு போயிருக்கும். பிறகு சட்டி பானை, பிள்ளைகளின் கொப்பி. அதற்கும் பிறகு கடிதாசி. உதவி செய்ய நினைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் அங்கே இருக்கிற ஒரு பெண்ணுக்கு அழைப்பு எடுத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடிதாசி என்றேனே, அது நம் மக்களுக்குச் சோற்றுக்கு அடுத்த விஷயம். 1948-இல் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்த நாளிலிருந்து, கையில் ஒரு தாள் இல்லாததால் நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் யாரை எந்த நாட்டுக்கு என்று இலட்சக் கணக்கில் பங்கு போட்டபோதும் குடும்பங்கள் தாள்களால்தான் பிரிந்தன. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003-இல் வந்த சட்டத்தோடுதான் ஓரளவு தீர்ந்தது. இன்றைக்கும் ஒரு லயத்தை எடுத்துக்கொண்டால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர், காணி உறுதி என்பதே கிடையாது. வீடு இழந்தேன் என்று எழுதிக் கொடுக்கப் போனால், இது உன் வீடு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். வீடு கம்பனியின் பெயரில், மண் அரசாங்கத்தின் பெயரில். கந்தோரில் படிவம் சிங்களத்தில். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, "இதை நிரப்பிக்கொண்டு நாளைக்கு வா" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உதவுவது உரிமைக்கு மாற்று ஆகாது என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. உதவி அன்றைக்கும் குவிந்தது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலுமே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாற்று இடம் கொடுத்து எழுப்பியிருந்தால் அத்தனை பேரும் இருந்திருப்பார்கள். தப்பியவர்கள் பழைய தேயிலை ஸ்டோரில் தங்கி, வீட்டுக்காக இரண்டு வருடம் அளவில் காத்திருந்தார்கள். அரிசிப் பார்சல் கொடுப்பவர் எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்று ஒருவர் இருந்தார். 1936-இல் தோட்டத் தொழில் பழக வந்த வெள்ளைக்கார இளைஞன், மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத் துரையாக, அதாவது உதவி நிர்வாகியாக, இருந்தார். தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் நின்று மேடையில் பேசினார். 1937-இல் 48 மணித்தியாலத்தில் நாட்டை விட்டுப் போ என்று தேசாதிபதி உத்தரவு போட்டார். அவர் போகாமல் தலைமறைவானார். கடைசியில் அந்த உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. அவர் யாருக்கும் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தன் சாதிசனத்துக்கு எதிராகத் தன் பெயரைக் கொடுத்தார். வேறெதையும் விட அது நம் ஆட்களுக்கு அப்போது தேவைப்பட்டது.

ஆகவே எதைக் கொடுப்பது என்றால், உங்களிடம் எது இருக்கிறதோ அதைத்தான். பணம் இல்லாதபோது இல்லை என்று சொல்லுங்கள். கடன் பட்டுக் கொடுக்காதீர்கள். அடுத்த மாதம் உங்கள் வீட்டில் அடுப்பு அணைந்தால் அதற்கும் யாராவது ஓட வேண்டும். மாதத்தில் ஒரு சின்னத் தொகையை இதற்கென்று ஒதுக்கி, அது முடிந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழைப்பை எடுக்காமல் விடாதீர்கள். "இல்லை" என்ற சொல்லைத் தாங்கிக்கொள்கிறவர்கள் நம் மக்கள். அடித்துக்கொண்டேயிருக்கும் போனைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

அப்புறம், உங்கள் கடிதத்திலேயே நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த அக்கா உங்களிடம் பணம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. படிவம் விஷயமாக என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கொழும்புக் கடையில் இத்தனை வருடம் நின்றவருக்குச் சிங்களம் வாசிக்கவும் எழுதவும் வரும். அந்த அக்காவின் லயத்தில் அது வருகிறவர் எத்தனை பேர்? படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பேர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா, ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தும் முத்திரையும் எந்த இடத்தில் வர வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் முழுவதையும் ஒரு போட்டோப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பொறுப்பேற்றதற்கு ஒரு தாள் கேட்கச் சொல்லுங்கள், அது முக்கியம். அரை மணித்தியால வேலை. கடை பூட்டியதும் எடுங்கள், ஒன்பது மணிக்குள் எடுத்தால் நல்லது. விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் நேரத்தோடு படுத்துவிடுவார்கள்.